ஐந்து நாளாக வெளிக்குப் போகாத பிள்ளையும் ஆறு மணி அழுகையும்

மண்டபம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். தலைப்பிள்ளை, பெண் குழந்தை, 40 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். பிறந்தபோது 2.8 கிலோ, 30ஆம் நாள் எடை போட்டபோது 3.3 கிலோ. முதல் மாதம் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வெளிக்குப் போன பிள்ளை இப்போது ஐந்து நாளாகப் போகவே இல்லை. சாயங்காலம் ஆறு மணியானால் வீறிட்டு அழ ஆரம்பிக்கிறது, ஒன்பது மணி வரை ஓய்வதில்லை. காலை மடக்கி வயிற்றோடு சேர்க்கிறது, முகம் சிவக்கிறது, காற்றுப் பிரிகிறது. மாமியார் வசம்பு உரசி ஊற்றலாம், வெற்றிலைக் காம்பு வைக்கலாம் என்கிறார். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "உன் பால் பிள்ளைக்குச் சேரலை, டப்பாப் பாலுக்கு மாத்திரு" என்கிறார். என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தாயி, பயப்படாதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏன் பயப்பட வேண்டாம், எதைக் கண்டால் பயந்தே ஆக வேண்டும், இரண்டையும் சொல்கிறேன். கிராம சுகாதார செவிலியராக 29 வருடம் இந்தக் கரையில்தான் வேலை பார்த்தேன். திருப்பாலைக்குடி பக்கம் ஆரம்பித்தேன், பெரியபட்டினம், ஏர்வாடி என்று சுற்றி வந்தேன். நீ கேட்கும் இதே கேள்வியை எத்தனையோ திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் வேறு வேறு சாதி, வேறு வேறு மதம். கேள்வி மட்டும் ஒன்றுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள். வெளிக்குப் போகாதது ஒரு விஷயம், சாயங்கால அழுகை இன்னொரு விஷயம். இரண்டும் ஒரே வயதில் வந்து சேர்வதால் ஒன்றால்தான் மற்றது வந்தது போலத் தெரிகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு ஐந்தாறு வாரத்தில் வெளிக்குப் போவது குறையும். எந்தப் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தாலும் அழுகை உச்சத்துக்குப் போவதும் ஏறக்குறைய அதே ஆறாவது வாரம்தான். உடனே வீட்டில், "வயிறு கட்டிக்கிருச்சு, அதான் அழுவுது" என்று முடிவு செய்துவிடுவார்கள். வெற்றிலைக் காம்பு, விளக்கெண்ணெய், சொட்டு மருந்து, கடைசியில் பால் டப்பா, எல்லாம் அந்த முடிவிலிருந்துதான் வரிசையாக வருகின்றன.

வெளிக்குப் போவதை முதலில் பார்ப்போம். பிறந்ததும் முதலில் போவது கரும்பச்சையாக, தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் காட்டுப்பீ என்பார்கள். வயிற்றுக்குள் இருந்த மாதங்களில் குடலில் சேர்ந்தது அது. பெரும்பாலான பிள்ளைகள் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போய்விடுவார்கள். போகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், 48 மணி நேரம் தாண்ட விடவே கூடாது. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், அதற்கு முதல் தடயம் இதுதான். உன் பிள்ளை முதல் நாளே போயிருந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

இந்தக் காட்டுப்பீயை வெளியே தள்ளுவதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது சீம்பால். கொஞ்சம்தான் சுரக்கும், ஆனால் குடலை இளக்கிவிடும். மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின் இந்த மலத்தோடுதான் வெளியேறுகிறது. மலம் உள்ளே தங்கினால் அதுவும் திரும்ப ரத்தத்தில் சேரும். நம் பக்கம் பிள்ளை பிறந்ததும் வீட்டுப் பெரியவர் சேனை வைப்பார், சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு. அந்த ஆசையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறைந்த மாதிரி ஆகிச் சீம்பால் குடிப்பது குறையும்.

மூன்று நான்கு நாளில் நிறம் பச்சை கலந்த பழுப்பாகி, ஐந்தாவது நாளுக்குள் மஞ்சளாகிவிடும். கடுகை அரைத்து மோரில் கரைத்த மாதிரி இளகி, நடுநடுவே வெள்ளைக் குருணையாக இருக்கும். வாடையும் புளித்த மோர் மாதிரிதான், நாற்றம் இருக்காது. முதல் மாதம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவையாவது போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை போனாலும் தப்பில்லை. பால் வயிற்றில் விழுந்ததுமே குடல் அசைய ஆரம்பிக்கும், அதனால் குடிக்கக் குடிக்கப் போகும். சில சமயம் படாரென்று சத்தத்தோடு, தண்ணீராக, துணியைத் தாண்டிப் போகும். "பேதி புடிச்சிருச்சு" என்று எத்தனை பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள் தெரியுமா! அது பேதி இல்லை. வழக்கத்தைவிட எண்ணிக்கை திடீரென்று கூடி, குருணையே இல்லாமல் வெறும் தண்ணீராகி, நாற்றம் எடுத்து, பிள்ளையும் சோர்ந்தால் அதுதான் பேதி.

அப்புறம் ஐந்தாறு வாரம் ஆகும்போது நிலைமை மாறுகிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை போன பிள்ளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகும், மூன்று நாளுக்கு ஒரு தடவை போகும், சில பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு தடவைதான். பத்து நாள் போகாமல் இருந்து, பதினோராவது நாள் அம்மாச்சி மடியை நனைத்து எல்லோரையும் சிரிக்க வைத்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். தாய்ப்பாலில் சக்கை மிகக் குறைவு. குடல் முதிர முதிர, குடித்ததில் பெரும்பகுதியை உடம்பு எடுத்துக்கொள்கிறது, வெளியே தள்ள மிச்சம் அதிகம் இருப்பதில்லை. டப்பாப் பாலுக்கு இது பொருந்தாது. அதைக் குடிக்கிற பிள்ளை மூன்று நான்கு நாள் போகாமல் இருந்தாலே கேட்க வேண்டும்.

மலச்சிக்கல் என்றால் எத்தனை நாளாயிற்று என்பதில்லை, எவ்வளவு கெட்டி என்பதுதான். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாக, காய்ந்து வந்தால் மலச்சிக்கல். ஏழு நாள் கழித்து வந்தாலும் களி மாதிரி இளகி வந்தால் மலச்சிக்கல் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு உண்மையான மலச்சிக்கல் வருவது மிக அரிது.

அதனால் நாளை எண்ணாதே. ஈரத் துணியை எண்ணு. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல், வெளிர் நிறத்தில் சிறுநீர் போகிறதா? வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கிறதா? எடை ஏறுகிறதா? பிறந்த முதல் சில நாளில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் எடை இறங்கும், பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். உன் பிள்ளை பன்னிரண்டு நாளில் திரும்ப 2.8 கிலோ ஆனாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 18 நாளில் அரைக் கிலோ. நாளுக்கு ஏறக்குறைய 28 கிராம். முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். அவள் நன்றாக ஏறியிருக்கிறாள். அது முழுக்க உன் பாலில் ஏறிய எடை. பால் சேரவில்லை என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காவிடம் தாய் சேய் நல அட்டையை எடுத்துக் காட்டு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நான் சொன்னது எல்லாம் ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு. முதல் மாதத்திலேயே இரண்டு மூன்று நாள் போகவில்லை என்றால் பால் போதுமான அளவு உள்ளே போகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு வீடு நினைவிருக்கிறது. 18 நாள் பிள்ளை. "தங்கமான புள்ள, அழவே அழாது, தூங்கிக்கிட்டே கெடக்கும், வெளிக்குக்கூட எப்பயாச்சும்தான்" என்று அப்பத்தா பெருமையாகச் சொன்னார். தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எடை போட்டால் பிறந்த எடையை விட 300 கிராம் குறைவு. அது அமைதி இல்லை, அழத் தெம்பு இல்லாத சோர்வு. காம்பை மட்டும் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்ததால் பால் இறங்கவே இல்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிறகு காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் பெருமளவு வாய்க்குள் போகும்படி பிடிக்க வைத்து, பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டி மீட்டெடுத்தார்கள். உன் மகளைப் போல வீறிட்டு அழுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பயம் வந்ததில்லை. அழாத பிள்ளையைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறேன்.

இன்னொன்று, முக்குவது. முகம் சிவந்து, பத்து இருபது நிமிடம் முக்கி, அழுது, கடைசியில் பார்த்தால் கூழ் மாதிரிப் போயிருக்கும். வலி என்று நினைக்கிறோம். வயிற்றை இறுக்கித் தள்ளும்போது கீழ்வாசலைத் தளர்த்த வேண்டும் என்பது அந்த உடம்புக்கு இன்னும் பழகவில்லை. தள்ளுகிறது, வாசலையும் மூடிக்கொள்கிறது. அழுதால் வயிற்றில் அழுத்தம் கூடும், அதற்காகவும் அழுகிறது. சில வாரத்தில் தானாகவே பழகிவிடும். இதில் நாம் குறுக்கே போய், விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பை வைத்தால் என்ன ஆகும்? அந்த நேரம் போய்விடும், எல்லோரும் "பாத்தியா!" என்பார்கள். ஆனால் பிள்ளை பழக வேண்டியதைப் பழகாமல், காம்பு வந்தால் போகலாம் என்று காத்திருக்கும். உள்தோல் பூ மாதிரி, காம்பு கிழித்துவிடும். சோப்புத் துண்டு அதைவிட மோசம், தோலைப் புண்ணாக்கும். சோப்பு வைத்து ரத்தம் வந்த பிள்ளையை நானே கழுவித் துடைத்திருக்கிறேன். விளக்கெண்ணெயை வாய் வழியாக ஊற்றுவதும் வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ராமநாதபுரத்து வெயிலுக்குக் குடல் காஞ்சு போயிருக்கும், ரெண்டு சங்கு தண்ணி குடு" என்பார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை சித்திரை வெயிலிலும் சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. நம் கரையில் கிணற்று நீர் உப்பு, நல்ல தண்ணீரைக் குடக் கணக்கில் பிடித்தும் வாங்கியும் வைக்கிறோம். அந்தக் குடத்துத் தண்ணீரைப் பச்சைப் பிள்ளைக்கு ஊற்றாதே. நீ குடி.

இனி அழுகை.

1954இல் வெசல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நன்றாக வளர்கிற பிள்ளை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதால் அது கோலிக். பிறகு 1962இல் பிரேசல்டன் என்ற மருத்துவர் நோயில்லாத, நல்ல பிள்ளைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டே குறித்துவைக்கச் சொன்னார். இரண்டாவது வாரத்தில் ஏற ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்றாவது மாதத்தில் இறங்குகிற ஒரு மலை மாதிரி வந்தது அந்தக் கணக்கு. அதிகமும் சாயங்காலத்தில்தான். இப்போது மருத்துவர்கள் மணிக்கணக்கை அவ்வளவு பிடித்துக்கொள்வதில்லை. ஐந்து மாதத்துக்குட்பட்ட பிள்ளை, திரும்பத் திரும்ப நெடுநேரம் அழுகிறது, தேற்ற முடியவில்லை, காய்ச்சலோ வளர்ச்சிக் குறையோ இல்லை என்றால் அதைக் கோலிக் என்கிறார்கள். உன் மகள் இப்போது மலையின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். இனி சில வாரத்தில் இறக்கம். மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

"காலை மடக்குறாளே, வயிறு கல்லு மாதிரி ஆகுதே, காத்துப் பிரியுதே, அப்ப வயித்து வலிதானே?" என்று நீ கேட்பாய். எதற்காக அழுதாலும், ஊசி போட்டு அழுதாலும், பிள்ளை காலை மடக்கும். வீறிடும்போது வயிற்றுத் தசை இறுகும். அழும்போது காற்றை விழுங்கும், அதுதான் பின்னால் பிரிகிறது. உப்புசத்தால் அழுவதைவிட அழுவதால் உப்புவதுதான் அதிகம். பகலெல்லாம் வெளிச்சம், சத்தம், ஆள் மாற்றி ஆள் தூக்குவது என்று எல்லாம் சேர்ந்து, இன்னும் முதிராத மூளை மாலையில் தாங்க முடியாமல் கொட்டுகிறது என்றும், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கலவையில் வேறுபாடு இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் மருத்துவம் கைகாட்டவில்லை. உன் பால் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

மாலையில் மார்பு தளர்ந்திருக்கும், பிள்ளையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கும். பால் வற்றிவிட்டது என்று தோன்றும் நேரம் அதுதான். வற்றவில்லை. மாலையில் அடுக்கடுக்காகக் குடித்துவிட்டு இரவில் கொஞ்சம் நீளமாகத் தூங்குவது பல பிள்ளைகளின் வழக்கம். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். அந்த நேரத்தில் ஒரு பாட்டில் டப்பாப் பால் கொடுத்தால் மார்பு அந்த அளவுக்குக் குறைவாகக் காலியாகும், மறுநாள் அந்த அளவுக்குக் குறைவாகச் சுரக்கும். 1990இல் என் மூத்த பிள்ளைக்கு அதைத்தான் செய்தேன். அப்போது நான் செவிலியப் படிப்புக்கே போகவில்லை. இதே ஆறு மணி அழுகை, இதே "பால் சேரலை". உப்புக் கிணற்றுத் தண்ணீரைச் சுட வைத்து டப்பாப் பால் கரைத்தேன். அழுகை அப்படியேதான் இருந்தது. மூன்றாவது வாரம் நிஜப் பேதி வந்து, பிள்ளை கண் குழிந்துபோய், குளுக்கோஸ் ஏற்றும் நிலைக்கு வந்தான். பிழைத்தான். என் பால் மட்டும் திரும்ப வரவில்லை. உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்துக்கடை பாட்டிலை எடுத்து அட்டையைப் படி. டைசைக்ளோமின் என்று இருந்தால் ஒரு சொட்டும் கொடுக்காதே. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது கூடாது. மூச்சுத் திணறல், மூச்சு நிற்பது வரை போயிருக்கிறது. சிமெதிகோன் மட்டும் என்றால் கெடுதல் இல்லை, ஆனால் சோதித்துப் பார்த்ததில் வெறும் இனிப்பு நீரைவிடப் பெரிதாகக் கேட்கவில்லை. கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் செய்தது. அன்றைய பாட்டிலில் சாராயமும், சர்க்கரையும், சமையல் சோடாவும், சதகுப்பை எண்ணெயும் இருந்தன. பிள்ளை ஏன் அடங்கியது என்று அதிலேயே தெரிகிறது. இப்போது சாராயம் இல்லாமல் வருகிறது, ஆனால் அது கோலிக்கைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதில் இதுவும் அடக்கம். லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற நல்ல நுண்ணுயிர்ச் சொட்டு மட்டும் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளின் அழுகை நேரத்தைக் குறைத்ததாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக் கொடு, கடைக்காரரைக் கேட்டு வேண்டாம்.

வசம்பு. நம் பெரியவர்கள் அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்தார்கள், விளக்கு வைத்த பிறகு பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். அவ்வளவு பிரியம். ஆனால் அதில் அசரோன் என்ற பொருள் இருக்கிறது, அது நல்லதில்லை. அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். உரை மருந்தில் வசம்போடு ஜாதிக்காயும் உரசுவார்கள். அழுகை நிற்பது அது மயக்குவதால். எத்தனை உரசு உரசினால் எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் அளக்க முடியாது. நாலு கிலோகூட இல்லாத உடம்பு அது. உரசும் கல்லில் இருக்கும் கிருமி வேறு.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதே. அவர் கை சும்மா இருக்க முடியாமல் தவிக்கிறார், பேத்தி அழுவது அவருக்கும் தாங்கவில்லை. அந்தக் கைக்கு வேறு வேலை கொடு. தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றுகிற திசையில் மெதுவாகத் தடவச் சொல். பால் குடித்த உடனே வேண்டாம், அரை மணி நேரமாவது போகட்டும். இரண்டு காலையும் மடக்கி மடக்கி நீட்டச் சொல். உரம் விழுந்துவிட்டது, அதாவது சுளுக்கு என்று சேலையில் போட்டு உருட்டுவதும், உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பதும், குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும் மட்டும் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லு. நர்சம்மா சொன்னாங்க என்று என் மேல் பழியைப் போடு.

மலம் பச்சையாகப் போனால் சீர் என்ற தோஷம் தட்டிவிட்டது என்று கயிறு கட்டப் போவார்கள். பிள்ளை சுறுசுறுப்பாக இருந்து, எப்போதாவது பச்சையாகப் போனால் ஒன்றுமில்லை. தொடர்ந்து பச்சையும் நுரையுமாகப் போய், பால் குடிக்கும்போது திணறி, மார்பிலிருந்து பால் பீறிட்டு வந்தால், பால் அதிகம் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றிக் கொடுத்தால் முதலில் வரும் நீர்த்த, சர்க்கரை கூடிய பால் மட்டும் நிறையப் போகும். ஒரு பக்கத்தை முழுக்கக் குடித்து அது தளரும்வரை கொடு, பிறகுதான் அடுத்தது. சாய்ந்து உட்கார்ந்து கொடுத்தால் வேகம் குறையும்.

உன் சாப்பாட்டுக்கு வருகிறேன். கிழங்கு வாயு, பருப்பு வாயு, மாங்காய் ஆகாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசமும் சுட்ட கருவாடும் மட்டும் தின்று கிடக்கிறாயா? வாயு உன் குடலில் உண்டாகி உன் குடலோடு முடிகிறது. அது பாலுக்குள் ஏறாது. நன்றாகச் சாப்பிடு. காரல் குழம்பு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதுதான். பால்சுறாப் புட்டு பற்றி மட்டும் ஒன்று: சுறா பெரிதாகப் பெரிதாகப் பாதரசம் கூடும். அடிக்கடி சாப்பிட காரல், சாளை போன்ற சின்ன மீன்கள் மேல். காப்பி, டீ இரண்டு மூன்று டம்ளருக்கு மேல் வேண்டாம், சில பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடும். மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும், தோலில் சொறியும் சேர்ந்து இருந்தால் நீ குடிக்கும் மாட்டுப்பாலின் புரதம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

ஆறு மணிக்கு முன்னால் தயாராகிவிடு. ஐந்தரைக்கே பால் கொடு, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க விடு. குழல்விளக்கை அணைத்துவிட்டு மங்கலாக வை, தொலைக்காட்சி வேண்டாம். பிள்ளையைச் சட்டையில்லாமல் உன் நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டு மேலே சேலையைச் சுற்றிக்கொள். அதற்கும் அடங்கவில்லை என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை முழங்கை மடிப்பில் இருக்கும்படி பிடித்து நடக்க வேண்டும். வெளியே நடந்தால் இன்னும் நல்லது. கடல் சத்தம் ஒரே சீராக வரும் இடத்தில் அழுகை குறைவதைப் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குள் அவர்கள் கேட்டதும் அப்படி ஒரு இரைச்சல்தானே. தூளியில் போடலாம், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சாம்பிராணிப் புகை வேண்டாம். தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை துணியை அவிழ்த்து முழு உடம்பையும் பார்: எறும்பு கடித்திருக்கிறதா, அரைஞாண் கயிறு இறுகியிருக்கிறதா, கால் விரலில் உன் தலைமுடி சுற்றிச் சிவந்திருக்கிறதா, தொடை இடுக்கில் வீக்கமா.

எல்லாம் செய்தும் அழுதால் அது உன் தோல்வி இல்லை. உனக்கே தலை வெடிக்கிற மாதிரி, கை நடுங்குகிற மாதிரி வந்தால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பத்து நிமிடம் காற்று வாங்கு. ஒருபோதும் குலுக்காதே. குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். உன் வீட்டுக்காரர் கடலுக்குப் போகும் நாளில் மாமியாரோடு முறை வைத்துக்கொள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். அந்த மாதங்களில் பிறந்த பிள்ளைகளை அப்பாமார் தோளில் போட்டுக் கரையோரம் நடப்பதைப் பார்ப்பேன், அந்த வீடுகளில் தாய் முகமே வேறு மாதிரி இருக்கும். கீழக்கரைப் பக்கம் கணவர் வளைகுடாவில் இருக்கும் பெண்கள் பலர், பிள்ளை அழுவதை வீடியோ காலில் காட்டிவிட்டுத் தனியாக அழுதிருக்கிறார்கள். பகலிலும் அழுகையாக வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதைச் சொல்லு. அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு, சிகிச்சை இருக்கிறது.

இப்போது பயப்பட வேண்டியவை. உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளையை அன்றே காட்ட வேண்டும் (ஊசி போட்ட அன்று வரும் சூட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்). வாந்தி பச்சையாக, பித்தமாக வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே, குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு தடவை குடித்ததும் பீறிட்டுத் தூரப் போய் விழும்படி வாந்தி, வயிறு பறை மாதிரி இறுகி வீங்கியே இருப்பது, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு, முன்பு கேட்காத கீச்சென்ற அழுகை, உச்சிக்குழி அமுங்குவது அல்லது புடைப்பது, தொடை இடுக்கு வீக்கம், எல்லாமே உடனே போக வேண்டியவை. 108க்குக் கூப்பிடு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

தனியாக ஒன்று, ஏனென்றால் இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தோ, வெளிர் களிமண் நிறத்திலோ போனால், கண்ணில் மஞ்சள் இரண்டு வாரத்துக்கு மேலும் நின்றால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடிக்க ஆரம்பித்தால், பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பிள்ளை நன்றாகக் குடிக்கும், சிரிக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன். மஞ்சள், பச்சை, பழுப்பு எந்த நிறமும் ஆகலாம். வெள்ளை ஆகாது.

உன் மகளுக்கு இதில் எதுவும் இல்லை என்று நீ எழுதியதிலிருந்து தெரிகிறது. எட்டு ஒன்பது நாள் தாண்டியும் போகவில்லை என்றாலோ, கெட்டியாகப் போனாலோ காட்டிக்கொள். இன்னும் ஐந்து நாளில் 45 நாள் ஊசி வருகிறது. புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது முதலில் துணி இல்லாமல் எடை போடச் சொல், அட்டையில் எழுத வை. 3.3 கிலோவிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார். ஊசி போட்ட அன்று ராத்திரி கொஞ்சம் சூடும் அழுகையும் கூடும், அதைக் கோலிக்கோடு சேர்த்துக் குழம்பாதே. காய்ச்சல் சொட்டு எவ்வளவு என்று செவிலியர் எடை பார்த்துச் சொல்வார். மறுநாளைக்கு மேலும் சூடு நின்றால் மருத்துவரிடம் போ. அதற்கு முன்னால் அவள் வெளிக்குப் போய்விட்டால், துணியை அலசுவதற்கு முன் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டு, எவ்வளவு இளகியிருக்கிறது என்று அவரே பார்க்கட்டும்.